நீலப் புள்ளியும் கச்சான் காற்றும்

ஆடி மாதக் கச்சான் மட்டக்களப்பு ஆட்களுக்குப் புதிதல்ல. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வெளிகளைக் கடந்து எங்களிடம் வந்து சேரும் காற்று அது. உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் மொரமொரத்துவிடும். கரையில் இருப்பவருக்கு அவ்வளவுதான். கடலில் அது என்ன செய்யும் என்பதை நான் நாற்பது வயது தாண்டிய பிறகு, மகளையும் மச்சானையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போன ஒரு சனிக்கிழமைதான் அறிந்தேன்.

எங்களிடம் 18 அடி பைபர் வள்ளம் ஒன்று இருக்கிறது. பழையது. 15 குதிரைவலு எஞ்சின். மீன்பிடித் தொழிலுக்கு அல்ல. சனி, ஞாயிறுகளில் வாவியில் சுற்றுவதற்கும், கடல் அமைதியாக இருந்தால் தூண்டில் போடுவதற்கும் வைத்திருக்கிறோம். அன்று பாலமீன்மடு முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால், ஆறேழு பேர் சேர்ந்து மணல்மேட்டின் மேலால் வள்ளத்தை இழுத்துக் கடலில் இறக்கினோம். காலை 7 மணி. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. இரண்டு கிலோமீற்றர் போய் எஞ்சினை நிறுத்தி, நங்கூரம் போடாமல் வள்ளத்தை மிதக்கவிட்டோம். போனை ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வரைபடச் செயலியைத் திறந்து, முன் பலகையில் வைத்திருந்தேன். நீலப் புள்ளி நடுவில் நின்றது. சுற்றிவர வெளிர்நீலம். எப்போது பார்த்தாலும் அதே படம்தான்.

அதே படமாக இருந்ததுதான் ஆபத்து. வரைபடத்தை நான் நன்றாகப் பெரிதாக்கி வைத்திருந்தேன். புள்ளியைத் திரையின் நடுவிலேயே வைத்திருக்கும்படி செயலி செய்யப்பட்டிருக்கிறது. கரை திரைக்கு வெளியே போய்விட்ட பிறகு, நாம் நகர்கிறோமா நிற்கிறோமா என்பதைக் காட்ட அந்த நீலத்தில் எதுவும் இல்லை. மகள்தான் முதலில் கேட்டாள், "அப்பா, தென்னை மரமெல்லாம் ஏன் சின்னதாப் போயிட்டு?" நான் நிமிர்ந்து பார்த்தேன். வெளிச்சவீடு ஒரு தீக்குச்சியளவு தெரிந்தது. போனை எடுத்தேன். சூடு தாங்காமல் திரை மங்கி, குளிரும்வரை காத்திருக்கச் சொல்லும் ஓர் அறிவிப்பு மட்டும் அதில் இருந்தது.

மச்சானின் போன் அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது. நடைப்பயிற்சிக்காக வைத்திருந்த செயலியை அவர் காலையில் நிறுத்த மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதில் பதிவான கோட்டைப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. ஒன்றே முக்கால் மணித்தியாலம் நாங்கள் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த நேரம் முழுக்க வள்ளம் மணிக்கு மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் நேர்கிழக்கே போயிருக்கிறது. திரும்பத் தொடங்கிய இடம் கரையிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கும் பக்கமாகத்தான் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தோம். நேரம் போகப் போகக் காற்றும் ஏறியது. அமைதியான கடலில் இருபது நிமிடத்தில் வந்துவிடும் தூரத்துக்கு, எதிர்க்காற்றில், குட்டையாகக் குத்தி வரும் அலையில் நனைந்து நனைந்து ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. மகள் பாதுகாப்பு அங்கியின் பட்டியைக் கடைசிவரை கையிலிருந்து விடவில்லை. நான் திசை பிடித்தது 1913இல் கட்டிய அந்த வெளிச்சவீட்டை வைத்து.

அன்று பின்னேரம் பக்கத்து வளவு மாமாவிடம் போனேன். கடலில் நாற்பது வருடம் தொழில் செய்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"கச்சான் கரையில தெரியாது மனே. கரை மறைச்சிக் குடுக்கும். வெளிய போனாத்தான் தெரியும், அப்ப நீ வெளிய போயிட்டாய். வாடை உன்னைக் கரையில கொண்டு வந்து அடிக்கும், அதுக்கு எல்லாரும் பயம். கச்சான் ஒண்டும் செய்யாத மாதிரி கொண்டு போயிரும்."

அவர் சொன்னதைப் பௌதிகமாகச் சொல்வதானால் இப்படி: காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும்போது, கரையோரத்தில் அலை எழும்ப அதற்குத் தூரம் கிடைப்பதில்லை. வெளியே போகப் போகத் தூரம் கூடுகிறது, அலையும் கூடுகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அலைகளின் முதுகுதான் தெரியும். அது எப்போதும் தட்டையாகத்தான் தெரியும். எங்கள் கரை கிழக்கு நோக்கியது என்பதால், வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் கல்குடாவிலிருந்து பொத்துவில் வரை எங்கும் இதே ஆபத்துத்தான். அறுகம்பேயில் அலைச்சறுக்கு ஆடுபவர்கள் காலையில் தரைக்காற்று இருக்கும்போது இறங்குவதற்கும் இதே காற்றுத்தான் காரணம். அவர்களுக்கு அது அலையை நிமிர்த்தி வைக்கிறது. எஞ்சின் நின்றுபோன ஒரு வள்ளத்துக்கு அதே காற்று வேறு வேலை செய்யும்.

இதை எழுதுவதற்குக் காரணம், கல்லடியிலும் பாசிக்குடாவிலும் பொத்துவிலிலும் பொழுதுபோக்குக்காகப் படகோ கயாக்கோ வைத்திருப்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அதில் வரைபடமும் காற்றும் அலையும் இருக்கின்றன. நான் அன்று வைத்திருந்த நம்பிக்கையோடு இன்னொருவர் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

போனை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் என்பதே பலருக்குத் தெரியாது. ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து வருகிறது. டேட்டாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டேட்டா இருந்தால் முதல் தடவை இடத்தைப் பிடிப்பது சுருக்காக நடக்கும், அவ்வளவுதான். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன் ஐந்து மீற்றர் அளவுக்குத் துல்லியமாகக் காட்டும். ஆனால் வரைபடம் டேட்டாவில் வருவது. அதை வீட்டிலேயே இறக்கி வைக்காவிட்டால், கடலில் நீலப் புள்ளி ஒரு வெறும் சாம்பல் சதுரத்தின் மேல்தான் நிற்கும். பெரிய திரை வேண்டுமென்று டேப்லெட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் வகையில்தான் இருக்கிறது. சிம் போடாமல் வைத்திருந்தாலும் அதில் வேலை செய்யும்.

சூட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஐபோனுக்கும் ஐபேடுக்கும் ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை. ஆடி மாத மதியம் எங்கள் ஊரில் நிழலே அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வெயிலில், காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறைக்குள், திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, பவர் பேங்கையும் பொருத்திவிட்டால் எந்தப் போனும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கும். இப்போது என் போன் பலகையின் கீழ் நிழலில், விமானப் பயன்முறையில், திரை அணைந்தபடி பாதையைப் பதிவு செய்துகொண்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். பார்க்கும்போது முதலில் வரைபடத்தைச் சுருக்குவேன், கரை திரைக்குள் வரும்வரை. இந்த ஒரு பழக்கம் அன்று இருந்திருந்தால் மகள் பயந்திருக்க மாட்டாள்.

மற்றவை சின்ன விசயங்கள். நனைந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது. உப்புநீர்த் துளி விழுந்தால் தானாகவே எதையாவது திறக்கும். நீர்புகாது என்று போட்டிருக்கும் சோதனை நன்னீரில் நடந்தது. சில கறுப்புக் கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டு பார்த்தால், திரையைத் திருப்பும் விதத்தைப் பொறுத்து அது முழுக்க இருண்டுபோகும். பழுதென்று பயப்படாமல் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்.

இனி காற்று. விண்டி போன்ற செயலிகளைத் திறந்தால் நிறம் நிறமாகக் காற்று ஓடும், அழகாக இருக்கும். அந்த நிறங்களுக்குப் பின்னால் இருப்பது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரிகள். ஐரோப்பிய மாதிரி உலகத்தை ஒன்பது கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியின் தரவு கால் பாகைக் கட்டங்களில் வருகிறது, அதாவது ஏறத்தாழ 28 கிலோமீற்றர். கல்லடியில் நின்று இதை நினைத்துப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு, அங்கால வாவி, அதற்கங்கால படுவான்கரை. ஒன்பது கிலோமீற்றர் கட்டத்துக்குள் இவை எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். பாலத்தின் கீழ் காற்று எப்படிக் கிறுகும் என்று அந்த மாதிரியிடம் கேட்பதில் நியாயம் இல்லை.

நேரமும் ஒரு விசயம். பெரிய கணிப்புகள் உலக நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும் உள்ள நிலவரத்திலிருந்து தொடங்குகின்றன. நமக்கு அது காலை 5.30, மாலை 5.30. கணக்கிட்டு வெளியிடப் பல மணித்தியாலம் எடுக்கும். ஆகவே விடிய 5 மணிக்குத் தேநீரோடு நான் பார்க்கும் ஐரோப்பியக் காற்று பெரும்பாலும் நேற்று மாலை வானத்திலிருந்து கணக்கிட்டதுதான். அது பிழையென்று அர்த்தம் இல்லை. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகிறதென்றால் மூன்று நான்கு நாளுக்கு முன்பே இந்த மாதிரிகள் சொல்லிவிடுகின்றன. 1978 நவம்பர் 23 அன்று சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதைப் பார்த்த தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் மூன்று நாள் என்பது என்ன பெறுமதி என்று சொல்வார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் மேற்கே திரண்டு இடி மின்னலோடு வரும் மழை விசயத்தில்தான் செயலியை நம்ப முடியாது. எந்த ஊருக்கு மேல், எத்தனை மணிக்கு என்று அது சொல்லாது. அந்த மாதங்களில் நான் மதியத்துக்கு முன் கரையேறிவிடுவேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுவேன். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர்.

இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. இரண்டும் ஒரே திசையில், ஒரே அளவில் காற்றைச் சொன்னால் அந்த நாளை ஓரளவு நம்பலாம். ஒன்று மேற்கு என்றும் மற்றது தென்கிழக்கு என்றும் சொன்னால், எந்த மாதிரி சரி என்று ஆராய்வதில்லை. அன்றைக்கு வாவியோடு நிறுத்திக்கொள்வேன். கச்சான் காலத்தில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பிக் கச்சானோடு மல்லுக்கட்டும். எது எத்தனை மணிக்கு வெல்லும் என்பது நாளுக்கு நாள் மாறும்.

செயலியோடு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். அது "மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் ஊடாக அம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பு" என்று எங்கள் கரையின் பெயர் சொல்லியே வரும். அதில் காற்று மணிக்குக் கிலோமீற்றரில் இருக்கும். செயலியில் பெரும்பாலும் நொட்டில் இருக்கும். 20 நொட் என்றால் 37 கிலோமீற்றர். ஒரு தடவை மச்சான் நொட்டைக் கிலோமீற்றர் என்று நினைத்து "இருபதுதான், போவோம்" என்றார். செயலியின் அமைப்புக்குப் போய் அலகை மாற்றிவிடுங்கள். அரை நிமிட வேலை.

கடலை விட எனக்கு வாவியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. 56 கிலோமீற்றர் நீளமான நீர். காசு கட்டி வாங்கிய கடல்வரைபடச் செயலியை முதல் நாள் திறந்தபோது அந்த நீளம் முழுக்க ஒரு ஆழ எண் கூட இல்லாமல் வெறும் நிறமாகக் கிடந்தது. கப்பல் போகும் வழிகளைத்தான் அளந்து வரைந்திருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் ஆள் உயரம் கூட இல்லாத வாவியில், எங்கே எஞ்சின் காற்றாடி சேற்றில் புதையும், எங்கே ஓடும் என்பது தோணிக்காரர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

அதனால் நானும் மகளும் வரையத் தொடங்கினோம். பெரிய வித்தை எதுவும் இல்லை. ஓஸ்மாண்ட் என்ற இலவசச் செயலியில் போகும் பாதையைப் பதிவு செய்யலாம். மாமாவை ஏற்றிக்கொள்வோம். நான் எஞ்சினைப் பிடிப்பேன், மாமா முன்னால் இருந்து கையைக் காட்டுவார், மகள் ஒரு நீளக் கம்பால் ஆழம் பார்த்துப் போனில் குறிப்பாள். கம்பில் அடிக்கணக்குக்குச் சிவப்புப் பட்டி ஒட்டியிருக்கிறது. கல்லடிப் பாலத்திலிருந்து தெற்கே, 2014இல் திறந்த மண்முனைப் பாலம் வரைக்கும் இப்போது எங்களிடம் ஒரு கோடு இருக்கிறது. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் மகள் போட்ட புள்ளிகள். பாலம் வருவதற்கு முன் மண்முனையில் பாதை ஓடிய காலத்தை மாமா அந்தப் பயணங்களில்தான் சொன்னார். வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் அது இன்றும் ஓடுகிறது.

இந்தக் கோட்டைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். கொடுக்கும் முன் சில புள்ளிகளை அழித்துவிடுவேன். வலைக் கம்புகள் நட்டிருக்கும் இடங்களும் இறால் கூடும் மூலைகளும் அவற்றில் உண்டு. அவை அந்தத் தொழிலாளிகள் வருடக்கணக்கில் கண்டுபிடித்த இடங்கள். நான் விளையாட்டுக்குப் போய்ப் பதிந்து ஊருக்கே பரப்புவது சரியில்லை. அதோடு, கம்புகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். எந்த வரைபடத்திலும் இல்லாதவை அவை. இருட்டில் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு வேகமாக ஓடினால் உங்கள் எஞ்சின் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாட்டைச் சுற்றி அறுத்துவிடும். இருட்டிய பிறகு வாவியில் நான் ஓடுவதே இல்லை.

முகத்துவாரத்துக்கு வேறு ஒரு வழி வைத்திருக்கிறேன். மழைக்கு வெள்ளம் ஏறும்போது ஆற்றுவாயை வெட்டிவிடுவார்கள். பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து மூடும். எந்த வரைபடத்தில் திறந்திருக்கிறது என்று போட்டாலும், அது வரைந்த நாளின் உண்மை மட்டும்தான். ஐரோப்பாவின் சென்டினல் 2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒரு தடவை இந்த இடத்தைப் படம் பிடிக்கின்றன. பத்து மீற்றர் ஒரு புள்ளி. கோப்பர்னிக்கஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இரவு அந்தப் படத்தை எடுத்தால் வாய் திறந்திருக்கிறதா, எந்தப் பக்கமாக வளைந்திருக்கிறது என்று தெரியும். முகில் மூடிய மார்கழியில் இது உதவாது. படத்தில் திறந்திருந்தாலும், வாவி நீர் வெளியே பாயும்போது உள்ளே வரும் அலை அதன் மேல் ஏறி உடையும் இடம் அது. செயலி சொல்லும் அலை உயரம் வெளிக்கடலுக்கானது. வாயில் என்ன நடக்கிறதென்று வெளிச்சவீட்டடியில் கால் மணித்தியாலம் நின்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உதவி கேட்க நேர்ந்தால் இடத்தை எப்படிச் சொல்வீர்கள்? வெளிச்சவீட்டின் அகலாங்கு ஏறத்தாழ 7 பாகை 45 கலை (அறுபது கலை ஒரு பாகை). அதையே தசமத்தில் எழுதினால் 7.75. ஒருவர் பாகை, கலையில் சொல்ல, கேட்பவர் 7.45 என்று தசமமாக எழுதிக்கொண்டால், தேடும் படகு 18 கடல் மைல் தெற்கே, கல்லாறுக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள கடலுக்குப் போய்விடும். 33 கிலோமீற்றர். எண்ணைச் சொல்லும்போது "பாகை", "கலை", "புள்ளி" என்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள். டேட்டா ஓடாத இடத்திலும் குறுஞ்செய்தி சில வேளை போய்ச் சேரும். அதற்கும் மேலே, நான் போகும் இடமும் திரும்பும் நேரமும் கடதாசியில் எழுதி வீட்டு மேசையில் இருக்கும். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினால் மனைவி மாமாவுக்குச் சொல்வாள், பிறகு 119க்கும் (பொலிஸ்) 117க்கும் (இடர் முகாமைத்துவ நிலையம்) எடுப்பாள்.

மாமா போனை இப்போது வாங்கிப் பார்க்கிறார். போன கிழமை ஐரோப்பிய மாதிரியின் காற்றைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கான்கா" என்றார். பிறகு எழும்பி, வளவின் மேற்கு மூலைக்குப் போய், பனையோலையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். கடலில் போகும்போது குடும்பிமலையையும் வெளிச்சவீட்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று அங்கே வைத்துத்தான் சொல்லித் தந்தார். தூரத்து மலை கிட்டத்து அடையாளத்துக்கு எந்தப் பக்கமாக விலகுகிறதோ, அந்தப் பக்கமாகத்தான் வள்ளமும் விலகியிருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் இப்படி ஒரு சோடி அடையாளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டாக நகர்வது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மகள் புள்ளிகளுக்குப் பெயர் வைக்கிறாள். மாமா சொல்லும் பெயர்கள்தான், எந்தக் கடல்வரைபடத்திலும் இல்லாதவை. மண்முனைக்குத் தெற்கே கோடு இன்னும் போகவில்லை. குருமண்வெளிப் பாதை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு முழுச் சனிக்கிழமையும், காற்று விழுந்த ஒரு காலையும் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் போக வேண்டும் என்று கம்புக்குப் புதுப் பட்டி ஒட்டி வைத்திருக்கிறாள்.